முதல் வசனத்தோடு ஓடிப்போன வகுப்பு

என் வகுப்பு என்னை விட்டுவிட்டு ஓடியது ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டாம் பாடத்தில். அதுவரை நான் சொல்லியிருந்தது ஒரேயொரு வசனம்.

“எல்லாரும் வெளியிலை போய் ஐஞ்சு விதமான இலை கொண்டு வாங்கோ.”

வசனத்தில் பிழை கிடையாது. பத்திரிகை என்றால் கை வைக்காமல் அச்சுக்கு விட்டிருப்பேன். அதற்குப் பின்னால் இன்னும் சில வசனங்கள் தயாராக வைத்திருந்தேன். விழுந்து கிடக்கும் இலைகளைத்தான் எடுக்க வேண்டும், மரத்தில் பிடுங்கக் கூடாது. இரண்டு இரண்டு பேராகப் போக வேண்டும். கிணற்றடிக்கும் வேலிக்கும் கிட்டப் போகக் கூடாது. கூப்பிட்டதும் வந்துவிட வேண்டும். “விழுந்த இலையளை…” என்று இரண்டாவது வசனத்துக்கு வாய் திறந்தபோது வகுப்பில் மிஞ்சியிருந்தது நானும், யாரோ காலில் இருந்து கழன்ற ஒற்றைச் சப்பாத்தும்தான். பின்வரிசையில் என்னை மதிப்பிட வந்த விரிவுரையாளரும் இருந்தார். அந்த நேரத்தில் அவரைக் கணக்கில் எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை.

நான் அப்போது ஆசிரிய மாணவி. யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் சில வருடங்கள் உதவி ஆசிரியராக இருந்துவிட்டு, வீட்டில் எல்லோரோடும் வாதாடி ஆசிரியப் பயிற்சிக்குப் போனவள். கற்பித்தல் பயிற்சிக்கு என்னைப் பண்டத்தரிப்புப் பக்கம் ஒரு சின்னப் பாடசாலைக்கு அனுப்பினார்கள். நாலாம் வகுப்பு கிடைத்தது. நீளமான ஒரு மண்டபத்தை இடுப்பளவு சுவர்களால் பிரித்து வகுப்புகள் ஆக்கியிருந்தார்கள். மேலே ஓடு, ஓட்டுக்குக் கீழே கைமரம், கைமரத்தில் வரிசையாகப் புறாக்கள். விரிவுரையாளர் வந்த சிறிது நேரத்திலேயே புறாக்கள் காரணமாகத் தன் கதிரையை இருமுறை நகர்த்திவிட்டார். மெல்லிய, நிமிர்ந்த, சிரிக்க அவசரப்படாத பெண். எங்கே போனாலும் கறுப்பு நீட்டுக் குடை ஒன்று கூடவே போகும். அது கதிரையின் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது.

இலைகள் வரத் தொடங்கின.

அதிபரின் அறைக்கு முன்னால் சாடிகளில் நின்ற குரோட்டன்கள் முதலில் வந்தன. சிவப்பு, மஞ்சள், புள்ளி போட்டது என்று எல்லா நிறத்திலும் வந்தன. அடுத்தது கறிவேப்பிலை, முறித்த கெட்டோடு. ஒருத்தன் தன்னைவிட நீளமான வாழையிலையைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்தான். வாசலில் அது சிக்கிக்கொண்டதால் பின்னால் வந்தவர்கள் யன்னலால் ஏறிக் குதித்தார்கள். இன்னொருத்தி ஒரு வெற்றிலையை விரித்துக் காட்டினாள். அதில் ஏற்கெனவே சுண்ணாம்பு தடவியிருந்தது.

“இது எங்கையிருந்து?”

“காவலாளி ஐயான்ரை பெட்டிக்குள்ளை இருந்து ரீச்சர். அவர் நித்திரை.”

கடைசியாக ஒரு புகையிலை இலை வந்தது. அதற்குப் பின்னால், வேலிக்கு அந்தப் பக்கம், அதன் சொந்தக்காரர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

“ரீச்சர், உங்கடை பிள்ளையள் என்ரை போயிலையிலை கை வைச்சிட்டுதுகள்.”

“மன்னிக்கோணும் ஐயா. பாடத்துக்கு எடுத்தவை.”

“பாடத்துக்கோ? போயிலை போடவும் படிப்பிக்கிறியளோ உங்கை?”

பிள்ளைகள் முகம் நிறையச் சந்தோசத்தோடு, சொன்னதைச் செய்துவிட்ட நிம்மதியோடு, தாங்கள் இருக்கும் வாங்குகளில் இலைகளைக் குவித்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். எல்லாம் ஐந்து விதம். யாரும் ஒன்று குறைவாகக் கொண்டு வரவில்லை.

பாடம் முடிந்ததும் விரிவுரையாளர் கிட்ட வந்தார்.

“நீர் முந்திப் பேப்பரிலை வேலை செய்தனீர், என்ன?”

“ஓம் மிஸ்.”

“தெரியுது,” என்றார். கையிலிருந்த மதிப்பீட்டுக் கோப்பைக் கைக்குட்டையால் துடைத்தார். புறாக்கள். “பிள்ளையளிலை ஒரு குறையும் இல்லை. நீர் சொன்னதைத்தான் செய்திருக்குதுகள். அதுதான் பிரச்சினை. நான் திரும்ப ஒருக்கா வருவன். அப்பவும் உப்பிடி நடந்தால் அடுத்த வருசம் புதுப் பிள்ளையளோடை நீரும் இருந்து திரும்பச் செய்யவேண்டி வரும். விளங்குதோ?”

“ஓம் மிஸ்,” என்றேன்.

மதிப்பீட்டுத் தாளில் ‘அறிவுறுத்தல்கள் தெளிவில்லை’ என்று எழுதியிருந்தார். ஒரு வருடத்தை இழக்கும் பயத்தைவிட அந்தச் சொல் என்னை அதிகம் சுட்டது. தெளிவில்லையாம். ஊர் ஊராக இருந்து நிருபர்கள் அனுப்பும் சிக்கல்களை அவிழ்த்துத் தெளிவாக்குவதுதான் என் தொழிலாக இருந்தது. ஒரு வாழைக்குலைத் திருட்டை நிருபர் நாலு பக்கத்துக்கு எழுதி, கள்ளன் பிடிபட்டதைக் கடைசி வரியில் வைத்திருப்பார். நான் அந்தக் கள்ளனைத் தூக்கி முதல் வரியில் இருத்துவேன். முக்கியமானது முதலில், மற்றதெல்லாம் பின்னால். கடைசிப் பந்தியை வெட்டினாலும் செய்தி உயிரோடு இருக்க வேண்டும். எனக்குப் பழக்கியது அதுதான். பிள்ளைகளுக்கும் நான் முக்கியமானதை முதல் வரியிலேயே கொடுத்திருந்தேன். மிச்சப் பந்திகளை வெட்டியது அவர்களுடைய கால்கள்.

அடுத்த வகுப்பில், இடுப்பளவு சுவருக்கு அப்பால், என் சிநேகிதி மூன்றாம் வகுப்புக்குப் பயிற்சி ஆசிரியை. நாங்கள் இரண்டு பேரும் மானிப்பாயிலிருந்து அவளுடைய ஸ்கூட்டியில் வந்து போகிறவர்கள். அன்று திரும்பிப் போகும்போது வழி முழுக்கச் சிரித்தாள். ஸ்கூட்டியும் சேர்ந்து ஆடியது.

“எடி, உன்ரை வகுப்பு எழும்பி ஓடின ஓட்டத்திலை என்ரை வகுப்பிலையும் ரெண்டு காணாமல் போயிட்டுதுகள். கணக்குப் பாடத்துக்கு மாவிலையோடை வந்து நிக்குதுகள்.”

“சிரிக்காதை. ஒரு வருசம் போகப் போகுது எனக்கு.”

“ஒரு வருசம் தானே? போயிலை போட்டுக்கொண்டு இரு.”

அடுத்த கிழமை நான் வேறு வழி பார்த்தேன். முதல் வசனத்தோடு ஓடுகிறார்கள் என்றால் இருந்த இடத்தில் இருந்து செய்யும் வேலையைக் கொடுக்க வேண்டும். காற்றாடி செய்வது. கடதாசியும் கத்தரிக்கோலும் எல்லோருக்கும் கொடுத்தாயிற்று. ஒவ்வொரு படியாக, ஆறுதலாக, ஒன்றும் விடாமல் சொன்னேன். நாலு மூலையிலும் இருந்து நடுவைப் பார்த்து வெட்ட வேண்டும், நடுவைத் தொடாமல் பாதியில் நிறுத்த வேண்டும். சொல்லி முடித்துவிட்டு, எல்லா ரீச்சர்மாரும் கேட்பதைக் கேட்டேன்.

“விளங்கிச்சோ?”

“ஓ…ம் ரீச்சர்!”

கைமரத்துப் புறாக்கள் எழும்பிப் பறந்தன. அப்படி ஒரு ‘ஓம்’. முழு வகுப்பும் ஒரே தாளத்தில், இழுத்து, கடைசியில் ஒரு குத்தோடு சொல்லும். காலை வணக்கமும் அதே ராகந்தான். நான் நிம்மதியாக மேசைக்குத் திரும்பி, திரும்பவும் நிமிர்ந்து பார்த்தபோது தரை முழுக்க முக்கோணங்கள். பாதியில் யாரும் நிறுத்தவில்லை. நான் கையைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தபோதே கத்தரிக்கோல்கள் வேலையைத் தொடங்கியிருந்தன. கத்தரிக்கோல் கையில் இருக்கும் பிள்ளைக்குக் காது கேட்காது என்பதை அன்று கண்ணால் கண்டேன்.

“அப்ப ஏன் ‘ஓம்’ எண்டு சொன்னனீங்கள்?”

முன்வாங்கில் இரட்டைப் பின்னலோடு இருந்த ஒருத்தி எழும்பினாள். வகுப்பில் எதற்கும் பயப்படாதவள் அவள்தான்.

“நீங்கள் கேட்டனீங்கள், ரீச்சர்.”

அந்தப் பதிலை நான் அன்று முழுக்க மென்றுகொண்டிருந்தேன். செய்தி என்றால் இரண்டாவது ஆளிடம் கேட்டு உறுதிப்படுத்த வேண்டும். மறுநாள் காலை உறுதிப்படுத்தினேன்.

“பிள்ளையள், நான் இப்ப ஒரு யானையைக் கொண்டுவந்து இந்த மேசைக்குக் கீழை கட்டப் போறன். விளங்கிச்சோ?”

“ஓ…ம் ரீச்சர்!”

இரட்டைப் பின்னல் மட்டும் கையை உயர்த்தினாள். “எப்ப ரீச்சர்?”

சுவருக்கு அப்பால் என் சிநேகிதி எதையோ கீழே போட்டுவிட்டு அதை எடுக்கிற சாட்டில் குனிந்தபடியே வெகுநேரம் இருந்தாள்.

அன்றோடு ‘விளங்கிச்சோ’ என்ற சொல்லை விட்டேன். அதற்குப் பதிலாக, “நான் சொன்னதை எனக்கு ஆர் திருப்பிச் சொல்லப் போறியள்?” என்று கேட்கத் தொடங்கினேன். அங்கேதான் உண்மை வெளிவந்தது. நான் ஆறு விசயம் சொல்லியிருப்பேன், ஒரு பிள்ளை ஒன்றரை விசயம் திருப்பிச் சொல்லும். அதில் அரை விசயம் நேற்றுச் சொன்னது. நான் சொல்வதை வெட்டினேன். வெட்டுவது எனக்குத் தெரிந்த வேலை. ஆனால் வெட்டிச் சுருக்கிய பிறகும் முதல் சொல்லோடு எழும்புகிறவர்கள் எழும்பிக்கொண்டுதான் இருந்தார்கள். விரிவுரையாளர் வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கே பிழை என்று எனக்குப் பிடிபடவில்லை.

பிடிபட்டது மருதனார்மடத்தில், கத்தரிக்காய்களுக்கு நடுவில்.

ஒரு சனிக்கிழமை சாறிச் சட்டை தைக்கக் கொடுத்த வீட்டுக்குப் போனோம். சிநேகிதி ஓட்டினாள், வழி தெரிந்த நான் பின்னால் இருந்தேன். சந்தியில் ஒரே சனம். பஸ்கள், லொறிகள், ஆஞ்சநேயருக்கு வடை மாலையோடு போகிறவர்கள், மரக்கறி மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருகிறவர்கள். நான் அவளுடைய காதுக்குக் கிட்டக் குனிந்து சொன்னேன்.

“இடப்பக்கம் திரும்பு…”

அவள் திரும்பினாள். “…சந்தை தாண்டி வாற ரெண்டாவது ஒழுங்கையிலை” என்று நான் முடித்தபோது நாங்கள் சந்தைக்குள் இருந்தோம். ஸ்கூட்டியின் முன்சில்லு ஒரு கத்தரிக்காய்க் குவியலில் புதைந்து நின்றது. பக்கத்தில் பூசணிக்காய் ஒன்று ஆறுதலாக உருண்டு போய் யாரோ ஒருவரின் காலடியில் நின்றது. தராசுக்குப் பின்னால் இருந்த அம்மா எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

“என்ன பிள்ளையள், ஸ்கூட்டியையும் சேர்த்து நிறுக்கவோ?”

சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நசிந்த கத்தரிக்காய்களை நாங்களே வாங்கிக்கொண்டோம். சிநேகிதி தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“விசரி! சந்தைக்குள்ளை ஏன் விட்டனி?”

“நான் எங்கை விட்டனான்? ரெண்டாவது ஒழுங்கை எண்டு சொன்னன்.”

“நீ ‘திரும்பு’ எண்டனி. நான் திரும்பினன். ‘திரும்பு’ எண்டு கேட்டால் ஆரடி மிச்சத்தைக் கேட்டுக்கொண்டு நேரை போவினம்?”

கையில் கத்தரிக்காய்ப் பையோடு நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்திரிகை வாசிக்கிறவர் கதிரையில் இருக்கிறார். முதல் வரியில் கள்ளன் பிடிபட்டதும் எழும்பி ஓடமாட்டார். தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு மிச்சத்தையும் வாசிப்பார். ஸ்கூட்டி ஓட்டுகிறவளும் நாலாம் வகுப்புப் பிள்ளையும் அப்படி இல்லை. அவர்களுக்கு உடம்பை அசைக்கும் சொல் எதுவோ அதுதான் செய்தியின் முடிவு. அதைச் சொன்ன பிறகு என்ன சொன்னாலும் அது காற்றுக்குத்தான்.

“ஏறு,” என்றாள் அவள். “இப்ப சரியாச் சொல்லு.”

“சந்தையைத் தாண்டி ரெண்டாவது ஒழுங்கை வரும். முடக்கிலை ஒரு செவ்வரத்தைப் பூமரம் நிக்கும். செவ்வரத்தையைக் கண்டவுடனை இடப்பக்கம் திரும்பு.”

செவ்வரத்தை வந்தது. திரும்பினாள். ஒரு கரைச்சலும் இல்லாமல் சட்டை தைக்கிற வீட்டு வாசலில் போய் நின்றோம்.

“பார்த்தியே?” என்றாள். “என்னையே உன்னாலை கொண்டுவர முடிஞ்சிட்டுது. நாலாம் வகுப்பு என்ன பெரிசு?”

திங்கட்கிழமை வகுப்பில் எல்லாவற்றையும் தலைகீழாகப் போட்டேன். எங்கே, யாரோடு, எப்படி, என்ன செய்யக் கூடாது. இவை முதலில். கடதாசியும் கத்தரிக்கோலும் என் மேசையில். எழும்புவது கடைசியில். நிருபர் எழுதிய மாதிரியே, கள்ளன் கடைசி வரியில். எத்தனை நிருபர்களிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன் என்பதற்குக் கணக்கில்லை.

அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. “நான் ‘போங்கோ’ எண்டு சொன்ன பிறகுதான் போகோணும்” என்று சொன்னேன். அந்த வசனத்துக்குள்ளேயே ‘போங்கோ’ இருந்ததால் பாதி வகுப்பு போய்விட்டது. கை தட்டிப் பார்த்தேன். சுவருக்கு அப்பால் சிநேகிதி தன் வகுப்புக்குப் பாட்டோடு கை தட்டினாள், என் வகுப்பு எழும்பியது. மணியும் சரிவராது. மணி பாடசாலைக்குச் சொந்தம். ஒரு வகுப்பறைக்குள் தற்செயலாக நடக்கவே நடக்காத ஒன்று வேண்டும்.

அந்த யோசனை வந்தது மழைக்குணமாக இருந்த ஒரு காலையில். என் மடக்குக் குடையை எடுத்து, வகுப்பின் நடுவில் நின்று, விரித்தேன்.

பிள்ளைகள் மூச்சை இழுத்தார்கள். ஒரு வீட்டிலும் உள்ளே குடை விரிக்க விடமாட்டார்கள். அது கூடாது என்று எல்லோருக்கும் தெரியும்.

இரட்டைப் பின்னல் எழும்பினாள். “ரீச்சர், உள்ளுக்கை குடை விரிச்சால் சண்டை வருமாம். அம்மா சொன்னவ.”

“அது வீட்டிலை. இது பள்ளிக்கூடம்.”

“பள்ளிக்கூடத்திலை சண்டை ஏற்கெனவே இருக்குத்தானே,” என்றான் வாழையிலைக்காரன், பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தபடி.

விதி மிகச் சின்னது. குடை விரிந்தால் எழும்பிப் போவது. குடை மடங்கினால் வந்து வாங்கில் இருப்பது. அதற்கு முன்னும் பின்னும் அசையக் கூடாது. எவ்வளவு பெரிய குற்றம் என்று வீட்டில் கேள்விப்பட்டிருந்தார்களோ அவ்வளவு கவனமாகக் குடையைப் பார்த்தார்கள். நான் கதைக்கும்போது அவர்களுடைய கண் குடையில் இருக்கும், காது என்னில் இருக்கும். கதைத்து முடிந்து, யாராவது ஒரு பிள்ளை திருப்பிச் சொல்லி முடிந்து, குடை விரியும்போது முழு வகுப்பும் எழும்பும். மடக்கினால் இருக்கும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சுவருக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுத் தாங்களும் எழும்பி இருந்தார்கள்.

“எடி, என்ரை வகுப்பையும் நீயே நடத்திறாய்,” என்றாள் சிநேகிதி. “சம்பளத்திலை பாதி எனக்குத் தா.”

“சம்பளம் எங்கை இருக்கு எங்களுக்கு?”

“வாற நேரம் பாதி தா.”

விரிவுரையாளர் வருகிறார் என்று தெரிந்ததும் நான் அதே இலைப் பாடத்தைத் தெரிவு செய்தேன். சிநேகிதி தலையில் கை வைத்தாள். அதிபர் குரோட்டன் சாடிகளைத் தன் அறைக்குள் தூக்கி வைத்தார். காவலாளி ஐயா வெற்றிலைப் பெட்டியை மடியில் கட்டிக்கொண்டார். எனக்கு வேறு பாடம் எடுக்க மனம் வரவில்லை. எந்தச் செய்தியில் பிழை விட்டோமோ அந்தச் செய்தியில்தான் திருத்தம் போட வேண்டும்.

அவர் வந்தார். அதே கதிரை, அதே மூலை, கதிரையின் முதுகில் அதே கறுப்புக் குடை. கோப்பை மடியில் விரித்தார். நான் என் குடையை மேசையில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, மடித்தபடி வைத்தேன். அவருடைய பேனை எழுத ஆரம்பிக்கவில்லை, தயாராக இருந்தது.

தொடங்கினேன். இரண்டு இரண்டு பேர், பக்கத்தில் இருப்பவரோடு. பிள்ளைகள் பக்கத்தில் பார்த்துக்கொண்டார்கள். விழுந்து கிடக்கும் இலை மட்டும், மரத்தில் கை படக் கூடாது. கிணறும் வேலியும் எங்களுக்கு இல்லை. ஒவ்வொரு சோடிக்கும் ஐந்து விதம். குடை மடங்கினதும் வந்து இருப்பது. ஒரு வாங்கும் அசையவில்லை. எல்லோருடைய கண்ணும் குடையில்.

“இப்ப நான் சொன்னதை ஆர் எனக்குச் சொல்லப் போறியள்?”

இரட்டைப் பின்னல் எழும்பி, கையை முன்னால் கட்டிக்கொண்டு, செய்தி வாசிக்கிற குரலில் தொடங்கினாள். “பக்கத்திலை இருக்கிற ஆளோடை சோடியாப் போகோணும். விழுந்த இலைதான் எடுக்கோணும். பிடுங்கினால் பிழை. கிணத்தடிக்கும் வேலிக்கும் போகக் கூடாது. ஐஞ்சு விதம். குடை மடங்கினால் வந்து…”

அந்த இடத்தில் மேலே ஒரு புறா தன் வேலையைச் செய்தது.

விரிவுரையாளரின் கோப்பில், சரியாக நடுவில். அவர் முகம் மாறவில்லை. இடது கையால் கோப்பை மூடினார். வலது கையைப் பின்னால் கொண்டுபோய்க் குடையை எடுத்தார். அது பொத்தானை அமத்தினால் தானாக விரிகிற குடை என்பது எனக்கு அதுவரை தெரியாது.

படார்.

முழு வகுப்பும் திரும்பிப் பார்த்தது. வகுப்பின் பின்மூலையில், ஒரு கதிரையில் நிமிர்ந்து இருந்தபடி, ஒரு பெரிய மனுசி கறுப்புக் குடையின் கீழ் இருந்தார்.

வகுப்பு எழும்பியது. “இருக்கோணும்” என்ற கடைசிச் சொல்லை இரட்டைப் பின்னல் ஓடிக்கொண்டே சொன்னாள். வாசல், படி, முற்றம். புழுதி எழும்பி அடங்கியது. நானும் விரிவுரையாளரும் குடையும் மட்டும் மிஞ்சினோம். இந்தத் தடவை சப்பாத்துக்கூட இல்லை.

“போயிட்டினம்,” என்றார் அவர்.

“ஓம் மிஸ்.”

“நீர் ‘போங்கோ’ எண்டு சொல்லேல்லை.”

“இல்லை மிஸ்.”

“அப்ப என்னண்டு போனவை?”

“நீங்கள் குடை விரிச்சனீங்கள் மிஸ்.”

அவர் தலையைத் தூக்கித் தன் குடையைப் பார்த்தார். சுவருக்கு அப்பால் மூன்றாம் வகுப்பு எழும்பி நின்றது. அவர்களுக்கு முன்னால் என் சிநேகிதி சாறித் தலைப்பை வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த வருடம் புதுப் பிள்ளைகளோடு நான் வரிசையில் நிற்பது மட்டும் தெரிந்தது. என் குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி அதை விரித்தேன். விரித்தால்தானே பிறகு மடக்கிக் கூப்பிடலாம். வெயிலுக்குள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தேன்.

முற்றம் முழுக்கச் சோடிகள். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு குனிந்த தலைகள். மாமரத்துக்குக் கீழே ஒரு சோடி சருகுகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தது. கறிவேப்பிலைப் பக்கம் ஒருத்தரும் இல்லை. கிணற்றடியில் காகம் மட்டும். ஒரு சின்னவன் மரத்துப் பக்கம் கையை நீட்டினான். அவனுடைய சோடி அந்தக் கையில் ஒரு அடி போட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் புகையிலைக்காரர் ஒரு பொல்லோடு காவல் நின்றார். வேலிக்குக் கிட்ட வராத பிள்ளைகளைப் பார்த்து அவருக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்திருக்க வேண்டும்.

குடையை மடக்கினேன். ஓடி வந்தார்கள், சோடியாகவே. வாசலில் முட்டுப்பட்டுச் சிரித்துக்கொண்டு உள்ளே போனார்கள். கைகளில் பழுப்பு, மஞ்சள், ஓட்டை விழுந்தது, எறும்பு ஏறியது. பிடுங்கிய இலை ஒன்றும் இல்லை. வாழையிலைக்காரன் காய்ந்து கிழிந்த முழு வாழைச் சருகை இழுத்துக்கொண்டு வந்தான்.

“விழுந்து கிடந்தது ரீச்சர்,” என்றான், நான் கேட்பதற்கு முதல்.

உள்ளே போய்ப் பார்த்தேன். எல்லோரும் தங்கள் தங்கள் வாங்குக்கு முன்னால் நின்றார்கள். வாங்கில் யாரும் இருக்கவில்லை. கையில் இலையோடு, பின்மூலையைப் பார்த்தபடி நின்றார்கள். விரிவுரையாளர் இன்னும் குடையின் கீழ் இருந்தார். புறா இன்னும் மேலே இருந்தது.

“இருங்கோ பிள்ளையள்,” என்றார் அவர்.

ஒருவரும் இருக்கவில்லை.

இரட்டைப் பின்னல் ஒரு அடி முன்னுக்கு வந்தாள். மிகவும் பணிவாகச் சொன்னாள்.

“மிஸ், குடையை மடக்குங்கோ. எங்களுக்கு இருக்கேலாமல் கிடக்கு.”

அவர் என்னைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். குடையை மடக்கினார். ஒரே சத்தத்தோடு முழு வகுப்பும் இருந்தது. சுவருக்கு அப்பால் மூன்றாம் வகுப்பும் இருந்தது.

அவர் கையிலிருந்த குடையையும் இரண்டு வகுப்பையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், அவர் பொத்தானை அமத்தினார்.

படார். இரண்டு வகுப்பும் எழும்பின. மடக்கினார். இருந்தன. விரித்தார். எழும்பின. மூன்றாம் முறை மடக்கும்போது அவருடைய வாய் ஒரு பக்கமாக இழுபட்டது. அதை மறைக்கக் கோப்பைத் தூக்கினார். அதில் புறா செய்த வேலை அப்படியே இருந்ததை மறந்துபோனார். இரட்டைப் பின்னல்தான் முதலில் சிரித்தாள். அதற்குப் பிறகு யாரையும் எந்தக் குடையாலும் நிறுத்த முடியவில்லை.

இலைகளை வகைப்படுத்தி, ஒட்டி, பாடம் முடிந்தது. அவர் மதிப்பீட்டுத் தாளை நிரப்பி என்னிடம் கையெழுத்துக்கு நீட்டினார். ‘அறிவுறுத்தல்கள்’ என்ற இடத்துக்கு எதிரே இந்த முறை ‘தெளிவு’ என்று மட்டும் இருந்தது.

“அடுத்த வருசம் உம்மை நான் காணக் கூடாது,” என்றார். “விளங்குதோ?”

எனக்கு ‘ஓம் மிஸ்’ என்று வாயில் வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டேன். “அடுத்த வருசம் நான் திரும்பச் செய்யத் தேவையில்லை எண்டு சொல்லுறியள்,” என்றேன்.

“ஓம்,” என்றார். இந்தத் தடவை சிரித்தே விட்டார்.

மத்தியான வெயில் முற்றத்தில் நெருப்பாகக் கிடந்தது. அவர் படியில் இறங்கி, பழக்கத்தில் குடையைத் தூக்கினார். பெருவிரல் பொத்தானுக்குப் போய்விட்டது. அந்த நேரம் திரும்பிப் பார்த்தார். யன்னல் முழுக்க என் வகுப்பு, ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர், கண் இமைக்காமல் அந்தக் குடையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் பெருவிரலை எடுத்தார். குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தலையில் கோப்பைப் பிடித்தபடி, அந்த வெயிலுக்குள் பாடசாலைப் படலை வரை நடந்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் அவர் மறைந்து, பிள்ளைகள் திரும்ப வாங்குகளில் இருந்த பிறகுதான் எங்களுக்குச் சத்தம் கேட்டது.

படார்.

எனக்குப் பின்னால் வாங்குகள் அசைந்தன.